நிரஞ்சினி தனக்கென்று கேட்டது

சூக் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நிரஞ்சினி பதினொரு வருடமாக இரவு வேலை செய்து வந்தாள். வயது நாற்பத்தாறு. கணவர் தினேசனுக்கு லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. காலையில் ரயில் ஏறினால் திரும்பி வர இரவு பத்து மணியாகும். ஒரே மகள் ரிஷானிக்குப் பதின்மூன்று வயது. நிரஞ்சினியைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு சொல்லைத்தான் சொல்வார்கள்: களைப்பே தெரியாத மனுசி. கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட ஆள் தேவை என்றால், இரவு வேலை முடித்த கையோடு வந்து நிற்பாள்.

அந்த மனுசி நித்திரைக் குளிசை போடாமல் கண் மூடி ஒன்பது வருடமாகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

முதலில் அரைக் குளிசை. பிறகு ஒன்று. பிறகு விடிய ஒன்று, மத்தியானம் ஒன்று. கடைசி இரண்டு வருடத்தில் எத்தனை என்று அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். வேலையால் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு அலுமாரியைத் திறப்பாள். குளிசைப் பெட்டி கைக்குத் தட்டுப்பட்டதுமே நெஞ்சு ஆறுதலாகிவிடும். பெட்டியில் நாலைந்து மிச்சம் என்றால் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடாது.

ஒரு மார்ச் மாதக் காலையில் அது வெளியே வந்தது. பகல் வேலைக்கு வந்தவர்கள் இரவு வேலைக்காரியைத் தேடினார்கள். அவள் துணி அடுக்கும் அறையில், கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிக் கிடந்தாள். வெளியே பதினாலாம் அறையின் அழைப்பு விளக்கு நாற்பது நிமிடமாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஈட்டன் என்ற கிழவர், கழிவறைக்குப் போக உதவி கேட்டு மணி அடித்தவர், நனைந்த படுக்கையில் கிடந்தார். அடிபடவில்லை, விழவில்லை. நிரஞ்சினி ஓடிப்போய் அவருக்கு உடுப்பு மாற்றியபோது அவர் அவளைத் திட்டவில்லை. "நீங்கள் நல்லாய்க் களைத்துப் போயிருக்கிறீர்கள்," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

மேலதிகாரி கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டபோது, அவள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் இரண்டே வசனம் சொன்னாள். "நான் குளிசை எடுக்கிறேன். நிறைய எடுக்கிறேன்."

வேலையை விட்டு நிறுத்தவில்லை. சுகயீன விடுப்புக் கொடுத்து, அடிமைப் பழக்கத்துக்கு ஆலோசனை தரும் நிலையம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். தினேசனிடம் அவள் சொன்னது, "குளிசை கொஞ்சம் கூடிப்போச்சு, குறைக்கச் சொல்லிக் கிடக்கு," என்பது மட்டும்தான். அவரும் அதற்கு மேல் துருவிக் கேட்கவில்லை.

நிலையத்தில் அவளைப் பொறுப்பெடுத்தவர் ஃப்ராவ் பெட்ஷார்ட். ஃப்ராவ் என்றால் ஜெர்மனில் திருமதி. ஐம்பது வயது இருக்கும். தலைமயிரைக் கட்டையாக வெட்டியவர், சைக்கிளில் வந்து சைக்கிளில் போகிறவர். நிரஞ்சினியின் ஜெர்மன் கிழவர்களைக் குளிக்க வார்க்கவும் மருந்து கொடுக்கவும் போதும். மனதில் கிடக்கிறதைச் சொல்லப் போதாது. அது தெரிந்து, இரண்டாவது சந்திப்புக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். நிரஞ்சினி கதவைத் திறந்தாள். உள்ளே கதிரையில் புண்ணியமூர்த்தி அண்ணை இருந்தார்.

கோயில் சபையில் இருக்கிறவர். அவருடைய மனைவி சரோஜினிதேவியும் நிரஞ்சினியும் வெள்ளிக்கிழமைகளில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பூ மாலை கட்டுகிறவர்கள். நல்ல மனிதர்தான். அங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்த மனிதர். ஆனால் வரும் வெள்ளிக்கிழமை அவருடைய முகத்தை எப்படிப் பார்ப்பது?

"எனக்கு ஜெர்மன் விளங்கும், அண்ணை. உங்களுக்கு ஏன் வீண் அலைச்சல்," என்று சொல்லிவிட்டு நிரஞ்சினி வெளியே வந்தாள். அதற்குப் பிறகு மூன்று கிழமை நிலையத்தின் பக்கமே போகவில்லை.

நாலாம் கிழமை ஃப்ராவ் பெட்ஷார்ட் தொலைபேசி எடுத்தார். புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது, விருப்பமானால் சேரலாம் என்றார். ஒரு அறக்கட்டளை பரீட்சித்துப் பார்க்கும் திட்டம். சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வருடத்துக்கு ஐயாயிரம் பிராங். காசாகக் கையில் வராது. நிலையம் நேராகக் கடைக்கோ ஆளுக்கோ கட்டும். ஆனால் எதற்குக் கட்டுவது என்று முடிவெடுப்பது டொக்டரும் இல்லை, நிலையமும் இல்லை. சுகமாக வேண்டியவர் எவரோ அவர்.

"நான் என்ன கேட்டாலுமோ?" என்றாள் நிரஞ்சினி.

"நீங்கள் சுகமாவதற்கு உதவும் என்று நீங்கள் நினைக்கிற எதுவும். நான் கேள்வி கேட்பேன். முடிவு உங்களுடையது."

அவள் நம்பவில்லை. இந்த நாட்டில் சும்மா ஒன்றும் வராது என்பது இங்கே வந்து குடியேறிய முதல் வருடமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் போனாள். ஃப்ராவ் பெட்ஷார்ட் ஒரு வெறுந்தாளைக் கொடுத்து, வீட்டில் இருந்து யோசித்து எழுதி வாருங்கள் என்றார்.

இரண்டு நாள் அந்தத் தாள் குசினி மேசையில் வெறுமையாகவே கிடந்தது. உனக்கு என்ன வேணும் என்று யாரும் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. மூன்றாம் நாள் எழுதினாள். மகளுக்குக் குளிர்காலச் சப்பாத்து. மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலா. தினேசனுக்கு நல்ல மெத்தை.

ஃப்ராவ் பெட்ஷார்ட் தாளை வாசித்துவிட்டு, "மெத்தை உங்கள் சுகத்துக்கு எப்படி உதவும்?" என்று கேட்டார்.

"அவருக்கு நாரி நோ, இடுப்பு நிமிராது. புரண்டு புரண்டு படுப்பார். அவர் நித்திரை கொண்டால் நானும் கொள்ளுவேன்."

ஃப்ராவ் பெட்ஷார்ட் பேனையால் மேசையை இரண்டு தரம் தட்டினார். பிறகு சரி என்று ஒப்பமிட்டார்.

மெத்தை வந்தது. தினேசன் அதைத் தடவிப் பார்த்து, "கழிவு விலையிலையோ எடுத்தனீர்?" என்று கேட்டார். "ஓம்," என்றாள். அன்றிலிருந்து அவர் அடித்துப் போட்டதுபோல் நித்திரை கொண்டார். அவள்தான் பக்கத்தில் விழித்தபடி கிடந்தாள்.

ஒரு மாதம் கழித்து, தினேசனுடைய லீவு நாளில், நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. இதுவரை எதற்குச் செலவானது, மிச்சம் எவ்வளவு என்று அதில் இருந்தது. கடிதத்தை முதலில் உடைத்தவர் தினேசன். நிரஞ்சினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இது என்ன? உம்மட வருத்தத்துக்குத் தந்த காசிலை எனக்கு மெத்தையோ?"

"உங்களுக்கு நாரி நோ தானே."

"என்ரை நாரி நோ இந்த ஊருக்கே தெரியும். நான்தானே ஒவ்வொரு நாளும் சொல்லித் திரியிறன்." அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "உமக்கு என்ன நோ எண்டு நான் ஒரு நாளும் கேக்கேல்லை."

அவள் வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேலேயே வெட்டிவிட்டாள்.

"இப்ப கேக்கிறன். என்ன வேணும் உமக்கு?"

அவள் கத்தியை வைத்தாள். "எனக்குத் தமிழிலை கதைக்க ஒரு ஆள் வேணும். எங்களை ஆரெண்டு தெரியாத ஆள்."

அடுத்த நாளே ஃப்ராவ் பெட்ஷார்ட்டைக் கேட்டாள்: மொழிபெயர்க்கிறவரை நானே தெரிவு செய்யலாமா? தூரத்தில் இருந்து வரவேண்டும், போக்குவரத்துச் செலவும் சேர்த்துக் கட்டவேண்டும், பரவாயில்லையா? அதற்குத்தானே இந்தப் பணம் என்றார் அவர். இருவரும் கணினியில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார்கள். சூரிச் வேண்டாம், அங்கே தெரிந்தவர்கள். பேர்ணும் வேண்டாம். கடைசியில் வடக்கு எல்லையில் ஷாஃப்ஹவுசனில் ஒரு பெயர் அகப்பட்டது. கஜலக்சுமி.

வந்தவர் அறுபதை நெருங்கிய, சிரித்துப் பழக்கமில்லாத ஒரு பெண். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு முதலில் சொன்னது: "எனக்குச் சூக்கிலை ஒருத்தரையும் தெரியாது. தெரிஞ்சுகொள்ளவும் விருப்பமில்லை."

நிரஞ்சினி சிரித்துவிட்டாள். கன மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அன்று ஒன்றரை மணி நேரம் கதைத்தாள். வாய் திறந்த பிறகுதான் தன்னிடம் இவ்வளவு கதை இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. தொடக்கம் எது என்று ஃப்ராவ் பெட்ஷார்ட் கேட்டார். நிரஞ்சினி நினைத்து வைத்திருந்த பதில் ஒன்று. வாயில் வந்தது இன்னொன்று.

"மத்தியானச் சாப்பாடு," என்றாள்.

ரிஷானி பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய வருடம் அது. இந்த நாட்டில் பிள்ளைகள் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போவார்கள். நிரஞ்சினி இரவு வேலை முடித்து ஏழரைக்கு வருவாள். மகளை வெளிக்கிடுத்தி அனுப்பிவிட்டுப் படுக்க எட்டரை. பதினொன்றுக்கு மணிக்கூடு அடிக்கும். எழும்பிச் சோறு போட்டு, கறி வைத்து, பிள்ளை வந்து சாப்பிட்டுப் போனபிறகு திரும்பவும் படுப்பாள். நித்திரை இரண்டு துண்டாகிப் போனது. பிறகு இரண்டு துண்டும் வரவில்லை. டொக்டர் குளிசை எழுதினார். முதல் நாள் குளிசை போட்டுப் படுத்தபோது, யாரோ தன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்ததுபோல் இருந்தது என்றாள். கஜலக்சுமி அதை ஜெர்மனில் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இப்போதும் மகள் மத்தியானம் வருகிறாளா?" என்று ஃப்ராவ் பெட்ஷார்ட் கேட்டார்.

"ஓம். நான் சமைக்கிறேன்."

குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்த காலம். ஒரேயடியாக விடக்கூடாது, உடம்பு தாங்காது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குறைக்கக் குறைக்க இரவு நித்திரை வரவில்லை. விடிந்து ஒன்பது பத்து மணிக்குத்தான் கண் சொருகும். சொருகுகிற நேரம் சமையலுக்கு எழும்பவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுக்கும் ஒழுங்கு இருந்தது. மிட்டாக்ஸ்டிஷ் என்பார்கள். காசு கட்டினால் பிள்ளை அங்கேயே சாப்பிடலாம். நிரஞ்சினிக்கு அது எப்போதோ தெரியும். பிள்ளைக்கு ஒரு பிடி சோறு போட நேரமில்லாத தாய்மார் அனுப்புகிற இடம் என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தாள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மகளிடம் பயந்து பயந்துதான் கேட்டாள்.

"அம்மா, நான் ஐஞ்சாம் வகுப்பிலையே போகக் கேக்க இருந்தனான்," என்றாள் ரிஷானி. "என்ரை ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கதான்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"நீங்க சமைச்சு வைச்சிட்டு ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பியள். வராட்டி கவலைப்படுவியள் எண்டு நினைச்சன்."

கிழமைக்கு நாலு நாள், வருட முடிவு வரை, மிட்டாக்ஸ்டிஷுக்குப் பணம் கட்டும்படி நிரஞ்சினி எழுதிக் கொடுத்தாள். ஃப்ராவ் பெட்ஷார்ட் இந்த முறை ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்பமிட்டார். கோடை முழுவதும் அவள் நித்திரை வந்த நேரம் படுத்தாள், வராவிட்டால் எழும்பி ஏரிக்கரையில் நடந்தாள். கை நடுங்கிய நாட்கள் இருந்தன. காரணமில்லாமல் அழுத நாட்களும் இருந்தன. செப்டம்பரில் நாளுக்கு ஒரு குளிசைக்கு வந்து நின்றாள். தினேசன் கிழமையில் ஒரு நாள் பின்னேர வேலையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு வீட்டில் சமைத்தார். ஹோட்டலில் இருபது வருடம் சமைத்த மனிதர் வீட்டில் புட்டு அவித்தது அதுதான் முதல் தடவை. புட்டு கல்லாக இருந்தது. மூவரும் சாப்பிட்டார்கள்.

ஒக்டோபரில் முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. நவம்பரில் திரும்ப வரலாம், இனி பகல் வேலை, தொடக்கத்தில் அரை நாள். நல்ல செய்திதான். ஆனால் அதை வாசித்த நேரத்திலிருந்து அவளுக்குள் ஏதோ கழன்றுவிட்டது. எல்லோருக்கும் தெரியுமே. பதினாலாம் அறை வாசலைத் தாண்டி எப்படி நடப்பது?

அவள் யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. குளிசை எழுதிய டொக்டர் ஒருவர் அல்ல, இருவர். சூக்கில் ஒருவர், அவரைப் பற்றி நிலையத்துக்குத் தெரியும். லுசேர்ணில் இன்னொருவர், அவரை அவள் மறைத்து வைத்திருந்தாள். அங்கே போகும் எண்ணம் இல்லை. ஆனாலும் அந்தக் கதவு திறந்து கிடக்கட்டும் என்று விட்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை ரயில் ஏறினாள். லுசேர்ண் டொக்டரின் உதவியாளர், "கன நாள் காணவில்லையே," என்று சிரித்த முகத்தோடு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து மூன்றைப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்த ரிஷானி தாயை எழுப்பிப் பார்த்தாள். தோளைப் பிடித்து உலுப்பினாள். எழும்பவில்லை. தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். தினேசன் சொல்ல, தண்ணீரில் நனைத்த துவாயால் முகத்தைத் துடைத்தாள். ஆறு நிமிடம் கழித்து நிரஞ்சினி கண்ணைத் திறந்தபோது, கண்ணுக்கு முன்னால் மகளின் முகம் வெளிறிப்போய் இருந்தது. அந்த ஆறு நிமிடக் கணக்கைப் பிறகு ரிஷானிதான் சொன்னாள்.

திங்கட்கிழமை நிலையத்துக்குப் போனபோது நிரஞ்சினி கோட்டைக் கழற்றவில்லை. எழும்பிப் போகச் சொல்வார்கள் என்ற நினைப்பு. "இன்னொரு டொக்டர் இருக்கிறார்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். கஜலக்சுமி ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னார்.

"இனி மிச்சப் பணம் வராது, என்ன?" என்றாள் நிரஞ்சினி.

"ஏன் வராது?" என்றார் ஃப்ராவ் பெட்ஷார்ட். "விழுந்தால் பறிக்கிற பணம் இல்லை இது. நீங்கள் சொன்னதை நான் எழுதி வைப்பேன். அவ்வளவுதான். இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?"

நிரஞ்சினி இந்த முறை தாள் கேட்கவில்லை. "அந்த டொக்டரிட்டை நேரிலை போய்ச் சொல்லவேணும். கஜலக்சுமி அக்கா என்னோடை வரவேணும்."

"நான் இங்கிருந்தே ஒரு தொலைபேசியில் சொல்லி முடித்துவிடலாம்."

"வேண்டாம். அது நான் திறந்து வைச்ச கதவு."

அடுத்த கிழமை இருவரும் லுசேர்ணுக்குப் போனார்கள். கஜலக்சுமியின் அன்றைய சம்பளத்தையும் ரயில் காசையும் நிலையம் கட்டியது. டொக்டர் நரைத்த, மரியாதையான மனிதர். கணினித் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். நிரஞ்சினி தமிழில் சொல்லச் சொல்லக் கஜலக்சுமி ஜெர்மனாக்கினார். கடைசி வசனம் வந்தபோது நிரஞ்சினி கையை உயர்த்தி அவரை மறித்தாள். அதைத் தானே ஜெர்மனில் சொன்னாள். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கியது.

"இனி நான் வந்து கேட்டாலும் தராதீர்கள். அழுதாலும் தராதீர்கள்."

டொக்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "இத்தனை வருடம் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும்," என்றார். பிறகு அவள் சொன்னதைப் பதிந்து, திரையை அவள் பக்கம் திருப்பி, சரியா என்று வாசித்துப் பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது.

லுசேர்ண் ரயில் நிலையத்தில் வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. கஜலக்சுமி இரண்டு கோப்பி வாங்கி வந்தார்.

"சட்டப்படி நான் உங்களோடை இருந்து கோப்பி குடிக்கக் கூடாது," என்றார்.

"அப்ப ஏன் வாங்கினியள், அக்கா?"

"எனக்கு ரெண்டு குடிக்கிற பழக்கம் எண்டு எழுதுவன்." முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் ஒரு கோப்பியை நிரஞ்சினியின் பக்கம் தள்ளி வைத்தார்.

நவம்பரில் நிரஞ்சினி வேலைக்குத் திரும்பினாள். அவள் பயந்ததுபோல் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. இரண்டு பேர் மட்டும் தேவைக்கு அதிகமாக அன்பாகக் கதைத்தார்கள், அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, பிறகு அதுவும் பழகிவிட்டது. தையில் நாளுக்குக் கால் குளிசை. மாசியில் ஒரு நாள் அந்தக் கால் குளிசையையும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நித்திரை முழுதாக வரவில்லை. ஆனால் வராத நேரத்துக்கு அவள் பயப்படுவதை விட்டிருந்தாள்.

திட்டத்தின் வருடம் முடிய ஒரு மாதம் இருக்கையில் ஃப்ராவ் பெட்ஷார்ட் மிச்சப் பணத்தை நினைவுபடுத்தினார். எழுநூறு பிராங் சொச்சம். செலவழிக்காவிட்டால் அறக்கட்டளைக்கே திரும்பிப் போகும், அதிலும் ஒரு பிழையுமில்லை என்றார்.

நிரஞ்சினி தயங்காமல் கேட்டாள். மேலே ஏகெரி ஏரிக்கரையில் ஒரு சின்ன விடுதி இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறாள். அங்கே மூன்று நாள் இருக்கவேண்டும். சமைக்காமல், துவைக்காமல், ஒருவருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்காமல். தானாக நித்திரை வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

வீட்டில் சொன்னபோது தினேசன் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"தனியவோ?"

"ஓம், தனிய."

"ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறது?"

"நித்திரை கொள்ளப் போயிட்டா எண்டு சொல்லுங்கோ."

ரிஷானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தினேசனும் சிரித்தார். சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை வந்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விடுதியின் சாப்பாட்டு அறையில் நிரஞ்சினி ஜன்னலோரம் இருந்தாள். வெளியே புல்லில் உறைபனி இன்னும் கிடந்தது. மேசையில் பாண், வெண்ணெய், சூடான கோப்பி. தினேசன் தொலைபேசி எடுத்தார்.

"எழும்பிட்டீரோ?"

"இப்பதான் எழும்பினனான். எட்டரைக்கு."

"எட்டரையோ." அவர் அதை ரிஷானிக்கும் கூப்பிட்டுச் சொன்னார். "சாப்பிட்டீரோ?"

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன். முட்டை. வேறை ஆரோ அவிச்சது."

"நல்லாயிருக்கோ?"

"உப்புக் காணாது," என்றாள் நிரஞ்சினி. "ஆனா இன்னொரு முட்டை கேக்கப் போறன்."